எந்தப் பாட்டு வேண்டாம்?

எங்கள் அப்பா மைக் செட் வைத்திருந்தார். ஒரு ஆம்ப்ளிஃபையர், ஒரு ரெக்கார்டு பிளேயர், நான்கு குழாய் ஸ்பீக்கர், இரண்டு மைக், சைக்கிள் கேரியரில் கட்டிக்கொள்ள ஒரு மரப்பெட்டி. அவ்வளவுதான் முதல். எங்கள் ஊர் நாகப்பட்டினத்தை ஒட்டியது. வடக்கே நாகூர் தர்கா, தெற்கே வேளாங்கண்ணி மாதா, மேற்கே சிக்கல் சிங்காரவேலர். மூன்றுமே சைக்கிள் மிதிக்கிற தூரம்தான். அதனால் வருஷம் முழுக்க ஏதாவது ஒரு சாமிக்கு எங்களுக்கு வேலை இருக்கும். ஆடியில் மாரியம்மன், ஆகஸ்ட் கடைசியில் மாதா கோயில் கொடியேற்றம், ஐப்பசியில் சிக்கலில் முருகன் வேல் வாங்குகிற திருவிழா, கார்த்திகையில் ஐயப்பன் பூஜை, மார்கழியில் விடியல் பாட்டு. நடுவில் பிறைக் கணக்குக்கு வருஷா வருஷம் நகர்ந்து வரும் நாகூர் தர்காவின் கந்தூரி விழா.

அப்பாவுக்குப் பிறகு நான். அவரோடு சேர்ந்து வேலை பார்த்ததையும் சேர்த்து முப்பத்தைந்து வருஷம் ஆகிறது. ராகம், தாளம் எல்லாம் நான் கற்றுக்கொண்டதில்லை. ஆனால் எந்தப் பாட்டை எந்த நேரத்தில் எவ்வளவு சத்தத்தில் போடலாம், எதைப் போடக்கூடாது என்பது தெரியும். ஊரில் புதிதாகக் கோயில் கமிட்டியில் சேரும் பையன்கள் இதைத்தான் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதை இங்கேயும் சொல்கிறேன்.

முதல் பாட்டில் அப்பா கடைசி வரை மாறவே இல்லை. சீர்காழி கோவிந்தராஜனின் 'விநாயகனே வினை தீர்ப்பவனே'. அந்த இசைத்தட்டை உறையிலிருந்து எடுக்கும்போது விளிம்பை மட்டும்தான் பிடிப்பார். நல்ல வெள்ளைத் துணியைத் தண்ணீரில் நனைத்து, பிழிந்து, வரி போகிற போக்கிலேயே வட்டமாகத் துடைப்பார். ஊசியை வைக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். ஊசி இறங்கியதும் சர்ரென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சர்ரைக் கேட்டதுமே தெருவில் பிள்ளைகள் ஓடி வந்துவிடுவார்கள். பாட்டு அதற்கப்புறம்தான்.

சீர்காழியார் குரலை வெண்கலக் குரல் என்று ஊரே சொல்லும். அதன் அருமை குழாய் கட்டுகிறவனுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். குழாய் ஸ்பீக்கரில் அடித்தொனி வராது. மிருதங்கம் வெறும் டக் டக் என்று கேட்கும், தம்பூரா காணாமலே போய்விடும். மிஞ்சி நிற்பது குரல் மட்டும்தான். அந்தக் குரல் தனியாக நின்று அரை மைல் போக வேண்டும். சீர்காழியார், டி.எம். சௌந்தரராஜன், நாகூர் ஹனீபா, எல்.ஆர். ஈஸ்வரி நான்கு பேருக்கும் அது நடக்கும். வயல் தாண்டி, வாய்க்கால் தாண்டி ஒரு எழுத்துகூட உடையாமல் போய்ச் சேரும். இந்த நான்கு பேர் பாட்டும் கிராமத்து வாயில் இப்படி நிலைத்ததற்குக் குழாயும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். மெல்லிசாகப் பாடிய எத்தனையோ நல்ல பாட்டுகள் எங்கள் ஊர்க் காற்றில் கரைந்து போயிருக்கின்றன. அப்படிப்பட்ட பாட்டுகளை இப்போது பாக்ஸ் ஸ்பீக்கரில், கோயிலுக்கு உள்ளே, உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி வைக்கிறேன்.

இசைத்தட்டு போய் கேசட் வந்தது. டி.எம்.எஸ்.ஸின் முருகன் பாட்டுக் கேசட் ஒன்று எங்களிடம் நாலைந்து வருஷம் ஓயாமல் ஓடியது. அதில் 'உள்ளம் உருகுதையா' பாட்டில் ஓரிடத்தில் டேப் சிக்கி, இழுபட்டு, அப்பா பென்சிலை விட்டுச் சுற்றிச் சரி செய்தார். அன்றிலிருந்து அந்த இடம் வரும்போதெல்லாம் குரல் ஒரு நொடி தழுதழுத்து மேலே ஏறும். வேறு கேசட் வாங்கலாம் என்று நான் சொல்வேன். அப்பா தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் சி.டி. வந்தபோது சுத்தமான பதிவைப் போட்டோம். பூ கட்டிக்கொண்டிருந்த ஒரு பாட்டி தலையைத் தூக்கி, "ஏன் தம்பி, இது வேற ஆளு பாடினதா? அவரு அந்த இடத்துல அழுவாரே" என்றார். நாலைந்து வருஷமாக அந்தப் பாட்டி அந்தத் தழுதழுப்போடு சேர்ந்து அழுதுகொண்டிருந்திருக்கிறார். அது டேப்பின் கோளாறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தப் பாட்டை எழுதியது யார் என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது. ஆண்டவன் பிச்சை என்ற அம்மா எழுதியது. பழநியில் விடுதியில் வேலை பார்த்த ஒரு பையன் இதை முணுமுணுத்ததைக் கேட்டு டி.எம்.எஸ். எழுதிக்கொண்டார், எழுதியவர் யார் என்பது அவருக்கே பின்னால்தான் தெரிந்தது என்று சொல்வார்கள். பாட்டைப் போடுகிறவன் அதை எழுதியவரையும் ஒருமுறை மைக்கில் சொல்ல வேண்டும் என்ற பழக்கம் எனக்கு அப்போது வந்ததுதான். பாட்டு தொடங்கும் முன்னால் ஒரே வரி. அதற்கு மேல் பேசக்கூடாது.

பாட்டுக்கு நடுவில் பேசவே கூடாது. இதில் எனக்கும் கமிட்டிகளுக்கும் இன்றுவரை தகராறுதான். "இன்னார் 501 ரூபாய்" என்று நன்கொடை வாசிக்க மைக்கைப் பிடுங்குவார்கள். பாட்டு பாதியில் அறுபடும். நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். இரண்டு பாட்டுக்கு நடுவில் ஒரு நிமிஷம் இடைவெளி விட்டு, அதில் பெயர்களை வாசிக்கச் சொல்லிவிடுவேன். முதலிலேயே சொல்லிவிட்டால் ஒத்துக்கொள்வார்கள். கந்த சஷ்டி கவசம் மாதிரி நீளமான பாட்டாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். சூலமங்கலம் சகோதரிகள் பாடியது ஏறக்குறைய இருபது நிமிஷம் ஓடும். அந்த இருபது நிமிஷம் கையில் இல்லையென்றால் அதைத் தொடங்கவே மாட்டேன். வீட்டுக்குள் யாரோ ஒருவர் அதோடு சேர்ந்து சொல்லிக்கொண்டு வருவார். நாம் நிறுத்தினால் அவர் கவசம் பாதியில் நிற்கும்.

சத்தத்தைப் பற்றி நான் பாடம் கற்றது 19 வயதில். ஆடி வெள்ளி. அப்பாவுக்குக் காய்ச்சல், நான் தனியாகப் போனேன். எல்.ஆர். ஈஸ்வரியின் 'செல்லாத்தா' போட்டதும் கூட்டம் உற்சாகமாகிவிட்டது. நான் வால்யூமைக் கடைசி வரை திருப்பினேன். பத்து நிமிஷத்தில் ஒரு அம்மா வந்தார். திட்டவில்லை. "ரெண்டு நிமிஷம் எங்க வீட்டுத் திண்ணையில வந்து நில்லு தம்பி" என்றார். போனேன். நான் தென்னை மரத்தில் கட்டிய குழாய் நேராக அவர் வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. தகரக் கூரை அதிர்ந்துகொண்டிருந்தது. உள்ளே அவர் மகள், மூன்று நாள் குழந்தையோடு. உடுக்கை அடி விழும்போதெல்லாம் குழந்தை இரண்டு கையையும் விரித்துத் திடுக்கிட்டது. அழக்கூட முடியாமல் விக்கியது. மகள் தன் இரண்டு உள்ளங்கையாலும் குழந்தையின் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

ஓடிப்போய்ச் சத்தத்தைக் குறைத்தேன். மரத்தில் ஏறிக் குழாயை வயல் பக்கம் திருப்பினேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "கடைசி வீட்டு வாசல்ல போய் நின்னு கேட்டியா?" என்பதுதான். குழாய் கட்டி முதல் பாட்டைப் போட்டதும் அப்பா எங்கோ நடந்து போவார். டீ குடிக்கப் போகிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தெருத் தெருவாக நடந்து, ஒவ்வொரு முனையிலும் நின்று கேட்டுவிட்டு வந்திருக்கிறார். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-இல் விதி வந்தது. இப்போது அனுமதிக் கடிதத்திலேயே கூம்புக் குழாய் கட்டக்கூடாது என்று போட்டுக் கொடுக்கிறார்கள். நல்லதுதான். பாக்ஸ் ஸ்பீக்கராக இருந்தாலும் நடந்து போய்க் கேட்கும் வேலையை நான் விடவில்லை. ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு உண்மை தெரியாது.

ஆம்ப்ளிஃபையர் மூடிக்கு உள்பக்கம் அப்பா ஒரு சீட்டு ஒட்டியிருப்பார். அதில் ஐந்து நேரத் தொழுகையின் பாங்கு நேரம் எழுதியிருக்கும். நாகூரில் கேசட் கடை வைத்திருந்த பாய் ஒருவர் மாதத்துக்கு ஒருமுறை நேரத்தைத் திருத்திச் சொல்வார். பாங்குக்கு இரண்டு நிமிஷம் முன்னால் ஓடுகிற பாட்டு முடிய வேண்டும். அதற்குத் தகுந்த நீளத்தில் பாட்டைத் தேர்ந்தெடுப்பார். திடீரென்று நிறுத்தினால் ஏதோ பயந்து நிறுத்தின மாதிரி இருக்கும், பாட்டு தானாக முடிந்து பாங்கு எழுந்தால் அழகாக இருக்கும் என்பார். நான் இப்போதும் அப்படித்தான் கணக்குப் போடுகிறேன். அதே பாயிடம்தான் ஹனீபா கேசட்டுகள் வாங்கினோம். 'இறைவனிடம் கையேந்துங்கள்' பாட்டை மாரியம்மன் திருவிழாவிலேயே கேட்டு வாங்கிப் போடச் சொன்னவர்கள் எங்கள் பக்கம் நிறைய உண்டு. இல்லை என்று சொல்லாத ஒருவனிடம் கேள் என்கிற பாட்டு அது. கடன் வாங்கி நடவு நடுகிற ஊரில் அது யார் வீட்டுப் பாட்டு என்று யாரும் பார்ப்பதில்லை. கல்யாண வீடென்றால் எந்த மதமானாலும் அப்பா ஒரு பாட்டை நடுவில் செருகுவார். 1961-இல் வந்த 'பாவமன்னிப்பு' படத்தில் டி.எம்.எஸ்.ஸும் ஹனீபாவும் சேர்ந்து பாடிய 'எல்லோரும் கொண்டாடுவோம்'. கண்ணதாசன் எழுதியது. இரண்டு குழாய்க் குரல்களும் ஒரே பாட்டில் கிடைத்ததில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களுக்காகத் தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள். அங்கே கவனித்தது ஒன்று. வேகமான பாட்டு ஓடினால் நடக்கிறவர்கள் நிற்காமல் அதே வேகத்தில் போய்விடுவார்கள். எஸ். ஜானகி பாடிய 'மாதா உன் கோவிலில்' மாதிரி நிதானமான பாட்டைப் போட்டால் நடை தளரும், உட்காருவார்கள், காலில் கட்டிய துணியை அவிழ்த்துக் கொப்புளத்தைப் பார்ப்பார்கள், ஒரு டம்ளர் மோர் குடிப்பார்கள். ஆகவே பந்தலில் நிதானமான பாட்டுதான். காலை வெயில் ஏறும் முன்னால் கிளம்புகிற நேரத்தில் மட்டும் கைதட்டிப் பாடுகிற பாட்டு.

பாட்டுக்கென்று நேரம் இருக்கிறது. ஒரு ஐயப்பன் பூஜையில் காலை முதல் பாட்டாக 'ஹரிவராசனம்' போடச் சொன்னார்கள். சபரிமலையில் அது இரவு நடை சாத்தும்போது ஒலிப்பது, சாமியைத் தூங்க வைக்கிற பாட்டு. யேசுதாஸ் குரலில் அதைக் கேட்டுப் பழகியதால் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம் என்று தோன்றிவிடுகிறது. குருசாமியிடம் தனியாகப் போய்ச் சொன்னேன், உடனே புரிந்துகொண்டார். அன்று இரவு கடைசியாக அதைப் போட்டு, முடிந்ததும் ஸ்விட்சை அணைத்து ஒயரைச் சுற்றினேன். அதற்கு மேல் வேறு பாட்டு கிடையாது. வந்தவர்களும் பேசாமல் எழுந்து போனார்கள்.

இனி எழுதப் போவதுதான் எனக்கு முக்கியம்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுனாமி. எங்கள் வீடு கடலிலிருந்து உள்ளே தள்ளி இருந்ததால் தப்பித்தோம். மதியமே என் மைக் செட்டை ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். அங்கே முகாம். சாமி பாட்டு போட்ட அதே மைக்கில் நான் பெயர்களை வாசித்தேன். காணாமல் போன பிள்ளைகளின் பெயர், வயது, போட்டிருந்த சட்டையின் நிறம். நான்கு நாள் வாசித்தேன். பெரும்பாலான பெயர்களுக்கு யாரும் வரவில்லை.

அப்புறம் பல மாதம் கடற்கரை ஊர்களில் பாட்டே கிடையாது. எனக்கும் எந்தப் பாட்டும் பிடிக்கவில்லை. அந்த நாள்களில் கேட்க முடிந்தது டி.எம்.எஸ். பாடிய 'கற்பனை என்றாலும் கற்சிலை என்றாலும்' ஒன்றுதான். சினிமாவுக்கு வருவதற்கு முன்னால், ஸ்ரீரங்கத்திலிருந்து வாலி ஒரு தபால் அட்டையில் எழுதி அவருக்கு அனுப்பிய பாட்டு. நீ வெறும் கற்பனையாகவே இருக்கலாம், வெறும் கல்லாகவே இருக்கலாம் என்று முதல் வரியிலேயே ஒத்துக்கொண்டுவிட்டு, அப்படியிருந்தும் உன்னை மறக்க மாட்டேன் என்று சொல்கிற பாட்டு. சாமி இருக்கிறது என்று அடித்துச் சொன்ன எந்தப் பாட்டும் அப்போது எனக்குள் இறங்கவில்லை. இது இறங்கியது. இரவில் சின்ன டேப்பில் சத்தம் குறைத்து வைத்துக் கேட்பேன்.

2005 ஆடியில் ஒரு மீனவர் குப்பத்தில் கூப்பிட்டார்கள். வெடி கிடையாது, மேளம் கிடையாது, சாமி பாட்டு மட்டும் சின்னதாக வேண்டும் என்றார்கள் ஊர்ப் பெரியவர்கள். கவனமாகத்தான் பட்டியல் போட்டேன். உடுக்கைப் பாட்டு வேண்டாம் என்று ஒதுக்கினேன். சாயங்காலம் மனசுக்கு இதமாக இருக்கட்டும் என்று கண்ணதாசன் எழுதி எம்.எஸ். விஸ்வநாதன் இசையமைத்த கிருஷ்ண கானம் போட்டேன். 'புல்லாங்குழல் கொடுத்த மூங்கில்களே' ஓடியது. நான் நினைத்த மாதிரியே எல்லோரும் அமைதியாக இருந்தார்கள். அப்புறம் எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடிய 'ஆயர்பாடி மாளிகையில்'. கண்ணனைத் தூங்க வைக்கிற தாலாட்டு.

முதல் வரி முடிவதற்குள் ஒரு அக்கா வந்து பெட்டி பக்கத்தில் நின்றார். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார். "அந்தப் பாட்டு மட்டும் வேண்டாம் தம்பி. சின்னவனை அதைப் பாடித்தான் தூங்க வைப்பேன்" என்றார். நிறுத்தினேன். அவருக்கு இரண்டு பிள்ளைகள் போயிருந்தார்கள் என்று பிறகு சொன்னார்கள். அடுத்து என்ன போடுவது என்று என் கைக்குத் தெரியவில்லை. கால் மணி நேரம் எதுவும் போடவில்லை. ஏன் போடவில்லை என்று யாரும் கேட்கவும் இல்லை. கடல் சத்தம் மட்டும் கேட்டது.

வீட்டில் அப்பா நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கேட்டுட்டுப் போட்டிருக்கணும்டா" என்றார்.

அதற்குப் பிறகு எந்த விழாவாக இருந்தாலும் முன்பணம் வாங்குகிற அன்றே நான் கேட்பது, "உங்க தெருவுல எந்தப் பாட்டு வேண்டாம்?" என்பதுதான். என்ன பாட்டு வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். வேண்டாதது எது என்று கேட்டால் முதலில் முழிப்பார்கள், அப்புறம் மெதுவாகச் சொல்வார்கள். 'மண்ணானாலும் திருச்செந்தூரில் மண்ணாவேன்' பாட்டை ஒரு வீட்டில் பெரியவரின் இறுதிச் சடங்கன்று போட்டிருக்கிறார்கள், அதனால் அந்த வீட்டுக் கல்யாணத்தில் வேண்டாம். இன்னொரு வீட்டில், மலைக்குப் போன மகன் வழியில் விபத்தில் போய்விட்டான், அந்தத் தெருவில் ஐயப்பன் பாட்டு இரண்டு வருஷம் வேண்டாம். கமிட்டிக்காரர்களுக்கு எல்லாம் தெரியாது. பெண்களிடம் கேட்க வேண்டும். பூ கட்டுகிற இடத்தில், பொங்கல் வைக்கிற இடத்தில் போய் நின்று கேட்டால் தெரிந்துவிடும். ஒரு சின்ன நோட்டில் ஊர்வாரியாக எழுதி வைத்திருக்கிறேன்.

இப்போது எல்லாம் பென் டிரைவ், போன். அதில் நடக்கும் கூத்துகள் வேறு. நெட்டிலிருந்து இறக்கிய பாட்டில் நடுவே ஏதோ வெப்சைட் பெயரை ஒருவன் சொல்வான். நேரடியாக யூடியூபில் போட்டால் அம்மன் பாட்டுக்கு நடுவில் விளம்பரம் வந்து நிற்கும். ஆகவே முந்தின நாளே ஒவ்வொரு பாட்டையும் முழுதாகக் கேட்டுத்தான் பென் டிரைவில் ஏற்ற வேண்டும். ஒரே பாட்டைப் பத்துப் பேர் பாடி வைத்திருக்கிறார்கள், கீபோர்டு தாளம் சேர்த்து. ஊர்க் காதுக்குப் பழகிய பழைய பதிவைத் தேடி எடுங்கள். போனில் இருந்துதான் போட வேண்டும் என்றால் விமான மோடில் வையுங்கள், இல்லையென்றால் உங்கள் வீட்டு அழைப்பு ஊருக்கே கேட்கும். ஸ்பீக்கருக்குள் சத்தம் எழுப்புகிற யூனிட் வேலை செய்கிறதா என்று பார்க்க ஆம்ப்ளிஃபையர் வேண்டாம், அதன் இரண்டு கம்பியில் ஒரு பேட்டரிக் கட்டையைத் தொட்டுப் பாருங்கள். டொக் என்றால் உயிர் இருக்கிறது.

அந்தக் குப்பத்துக்கு இன்றும் ஆடிதோறும் போகிறேன். கிருஷ்ண கானத்தில் அந்த ஒரு பாட்டை மட்டும் பதினேழு வருஷம் தாண்டித் தாண்டிப் போனேன். 2022-இல் நான் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், கமிட்டியில் புதிதாகச் சேர்ந்த பையன் தன் போனைச் சொருகிப் பாட்டு வைத்திருக்கிறான். இலையில் கை வைத்தபோது 'ஆயர்பாடி மாளிகையில்' கேட்டது. அப்படியே எழுந்து ஓடினேன். அந்த அக்கா வாசலில் உட்கார்ந்து கருவாட்டைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். நான் ஓடுவதைப் பார்த்துக் கையைத் தூக்கினார். "இருக்கட்டும் தம்பி, ஓடட்டும்."

நின்றுவிட்டேன். பாட்டு முழுதும் ஓடியது. அவர் கை வேலையை நிறுத்தவில்லை. பெரியதைப் பெரியதோடும் சின்னதைச் சின்னதோடும் போட்டுக்கொண்டே இருந்தார். முடிந்ததும் நிமிர்ந்து, "இதைப் பாடினவரும் போயிட்டாராமே, கொரோனாவுல" என்றார்.

"ஆமாக்கா, ரெண்டு வருஷம் ஆகப்போவுது."

"நல்லாத் தூங்க வைப்பாரு" என்று சொல்லிவிட்டு, "போய்ச் சாப்பிடு, இலை காஞ்சிடும்" என்றார்.